பூமியை உதறிய விமானம்

அமெரிக்க விமானப் படையிடம் ஒரு விசித்திர விமானம் இருக்கிறதாம். அதற்கு இறக்கையும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். பூமியின் ஈர்ப்பையே உதறிவிட்டு எழும்புமாம். 1950-களிலேயே அதைக் கண்டுபிடித்துப் பூட்டி வைத்துவிட்டார்கள் என்று சாதிக்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. ஆதாரம் கேட்டால், "அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதினவே! பிறகு ஏன் திடீரென்று மௌனமாகிவிட்டன?" என்று நம்மையே மடக்குவார்கள்.

கதை எழுதுகிற எனக்கு இந்த மௌனத்தின் மகிமை தெரியும். ஓர் அத்தியாயத்தை எழுதாமல் விட்டுவிட்டால் வாசகரே அதை எழுதிக்கொள்வார்; நம்மைவிட நன்றாகவும் எழுதிக்கொள்வார். ஆனால் இந்தக் கதையில் விட்டுப்போனதாகச் சொல்லப்படும் அத்தியாயம் அச்சிலேயே இருக்கிறது. படிப்பார்தான் இல்லை.

கதை ஒரு துக்கத்தில் ஆரம்பிக்கிறது. ரோஜர் பாப்ஸன் என்பவர் பங்கு மார்க்கெட்டின் போக்கைக் கணித்துச் சொல்லிப் பெரும் பணம் சேர்த்தவர். 1929-ஆம் ஆண்டு வீழ்ச்சியை முன்கூட்டியே எச்சரித்தவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. அவருடைய இளமையில் சகோதரி ஒருத்தி ஆற்றில் மூழ்கி இறந்தாள். 1947-ல் பேரப்பிள்ளையும் நீரில் மூழ்கி மாண்டான். வேறொருவராயிருந்தால் ஆற்றைச் சபித்திருப்பார், விதியை நொந்திருப்பார். பாப்ஸன் புவியீர்ப்பைச் சபித்தார். அவர்களைப் பிடித்து அடியிலே இழுத்துக்கொண்டது அந்தப் பூதம்தானே என்பது அவருடைய வாதம். வெயிலைக் குடை தடுப்பதுபோல் ஈர்ப்பைத் தடுக்க ஒரு பொருள் இருந்தே தீரவேண்டும் என்று நம்பி, அதற்கென ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனம் அமைத்தார். 1949 முதல் கட்டுரைப் போட்டியும் வைத்தார்.

1953-ல் முதல் பரிசான ஆயிரம் டாலரை வென்றவர் பிரைஸ் டிவிட் என்ற இளம் விஞ்ஞானி. வீடு வாங்கப் பணம் வேண்டியிருந்தது அவருக்கு. கட்டுரையில் அவர் சொன்னது என்ன தெரியுமா? ஈர்ப்பைத் தடுக்கும் பொருளைத் தேடுவது வீண் வேலை. முதலில் ஈர்ப்பு என்றால் என்ன என்று படியுங்கள் என்பதுதான்! பரிசு கொடுத்தவர்களின் பெருந்தன்மையை மெச்ச வேண்டும். அதைவிட வேடிக்கை, இதே கனவைக் கண்டுகொண்டிருந்த ஆக்னியூ பான்ஸன் என்ற தொழிலதிபர், "முடியாது" என்ற அந்த மனிதரையே தேடிப் பிடித்து, வட கரோலினா சர்வகலாசாலையில் ஓர் ஆராய்ச்சிக் கழகம் அமைய உதவினார்.

இதற்கிடையில், 1955 நவம்பரில், 'நியூயார்க் ஹெரால்ட் டிரிபியூன்' பத்திரிகையில் ஆன்ஸல் டால்பர்ட் என்ற நிருபர் தொடர்ந்து மூன்று கட்டுரைகள் எழுதினார். மார்ட்டின், கான்வேர், பெல் முதலிய விமானக் கம்பெனிகள் ஈர்ப்பை வெல்ல முனைந்திருக்கின்றன என்றார். டவுன்செண்டு பிரௌன் என்பவரின் மின்சாரத் தட்டுகளும் அந்நாளில் பேச்சுக்கு அடிபட்டன. 1928-லேயே பிரிட்டிஷ் காப்புரிமை வாங்கிய யோசனை அது. உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால் தட்டு நகர்ந்தது உண்மை. ஆனால் அதைத் தள்ளியது மின்னேற்றம் பெற்ற காற்று. சுருங்கச் சொன்னால், இறக்கை இல்லாத மின்விசிறி!

பிறகு என்ன ஆயிற்று? 1957 ஜனவரியில், வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில், டிவிட்டும் அவர் மனைவி ஸெஸீலும் ஈர்ப்பைப் பற்றி ஒரு மகாநாடு கூட்டினார்கள். விமானப் படை உதவியது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் சிலர் ராணுவ விமானங்களிலேயே வந்து இறங்கினார்கள். ஈர்ப்பு அலைகள் சக்தியைச் சுமந்து செல்லுமா என்ற சந்தேகத்தை அங்கே ஃபைன்மன், ஒரு கம்பியில் நழுவும் மணிகளை உவமை காட்டித் தீர்த்தார். அந்த அலைகளை 2015-ல் கருவிகள் பிடித்தன. நடவடிக்கைகளை விமானப் படையே 57-216 என்று எண்ணிட்டு அறிக்கையாக அச்சிட்டது. ரகசியம் என்கிறார்களே, அது இந்த லட்சணத்தில் இருந்தது!

ஒஹாயோ மாகாணத்தில் ரைட்-பாட்டர்ஸன் விமானத் தளத்திலும் ஜோஷுவா கோல்டுபர்க் தலைமையில் ஒரு குழு இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர் நியூஜிலாந்துக்காரரான ராய் கெர். சுழலும் கருந்துளையைக் கணக்கில் பிடித்து, 1963-ல் இரண்டே பக்கக் கட்டுரையில் உலகுக்குச் சொன்னவர் அவர். விமானப் படை தங்களை உண்மையில் பயன்படுத்திக்கொண்டது ஒரே காரியத்துக்குத்தான் என்று பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். யாராவது அரைக் கிறுக்கர் ஈர்ப்பை மறுக்கும் யந்திரத்துக்குத் திட்டம் அனுப்பினால், அதிலே தப்பு எங்கே என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமாம்! ரகசிய விமானம் கட்டியதாகச் சொல்லப்படும் படையிடம் அந்தக் குழு பார்த்த உத்தியோகம் இது.

ராணுவப் பணம் ராணுவ வேலைக்கே என்று 1969-ல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் செய்தது; சில ஆண்டுகளில் அந்தக் குழுவும் கலைந்தது. பத்திரிகைகளின் மௌனத்துக்கும் பெரிய மர்மம் வேண்டியதில்லை. பறக்கும் தட்டு என்றால் முதல் பக்கம். சமன்பாடு என்றால் அதை எந்த ஆசிரியர் போடுவார்?

பாப்ஸன் 1967-ல் காலமானார். அதற்கு முன் பல கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்துக் கல் நாட்டியிருந்தார். ஈர்ப்பைத் தடுக்கும் பொருள் கிடைக்கும் நாளில் வரப்போகும் நன்மைகளையும், விமான விபத்துகள் குறையப்போவதையும் மாணவர்களுக்கு நினைவூட்டும் கல். டஃப்ட்ஸ் சர்வகலாசாலையில் பிரபஞ்சவியலில் டாக்டர் பட்டம் பெறுகிறவர் அந்தக் கல்லின்முன் மண்டியிடுவார். ஆசிரியர் அவர் தலைமேல் ஓர் ஆப்பிளைப் போடுவார். அது தவறாமல் கீழேதான் விழுகிறது.