முடி கொட்டினால் எண்ணெய்க் கடைக்குப் போகுமுன்

போன வருடம் மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் முடி கொட்டத் தொடங்கியது. உம்மா கண்ணூறு என்றார். அயலவர்கள் தண்ணீரைச் சொன்னார்கள். நான் மடுல்கெல்லவிலிருந்து வத்தேகமைக்கு பஸ் ஏறி மூன்று வகை எண்ணெய் வாங்கி வந்தேன். ஐந்து மாதம் இப்படியே கழிந்தது. வீட்டு மேட்டில் ஏற மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்ன பிறகுதான் இரத்தம் சோதித்தோம். ஹீமோகுளோபின் 8.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது வழமை. பிரசவம், டெங்கு போன்ற கடும் காய்ச்சல், சத்திரசிகிச்சை, திடீரென உடல் மெலிதல் ஆகியவற்றால் வளரும் முடிகளில் பெருந்தொகை ஒரேயடியாக ஓய்வு நிலைக்குப் போய்விடும். அவை விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். ஆகவே போன வாரம் மாற்றிய ஷெம்பூவை ஏசிப் பயனில்லை. மூன்று மாதத்துக்கு முன் உடம்புக்கு என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டும். இந்த உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதமளவில் தானாகக் குறையும். குறையாவிட்டால் இரும்புச்சத்தையும் தைரொய்ட்டையும் சோதிக்க வேண்டும்.

தேயிலை மலையில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்: சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். சோதிக்காமல் இரும்பு மாத்திரை விழுங்க வேண்டாம். தலசீமியா காவிகளுக்கும் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கலாம்; அவர்கள் எல்லோருக்கும் இரும்பு தேவைப்படாது.

ஆண்களுக்கு நெற்றியோரம் ஏறுவதும் உச்சி தெரிவதும் பெரும்பாலும் பரம்பரை. அது வாப்பா வழியிலும் வரும், உம்மா வழியிலும் வரும். கட்டாரிலிருந்து வரும் நம் பிள்ளைகள் அங்குள்ள தண்ணீரைக் குறை சொல்கிறார்கள். இருபதுகளில் போய் முப்பதுகளில் திரும்புகிறார்கள். வழுக்கை தொடங்கும் வயதும் அதுதானே. மினொக்சிடில் சிலருக்கு உதவும், ஆனால் நான்கைந்து மாதம் பொறுக்க வேண்டும். நிறுத்தினால் பலனும் போய்விடும். பெண்களுக்கும் பரம்பரையாக வகிடு அகலலாம். அதோடு மாதவிடாய் ஒழுங்கில்லாமல், முகத்திலும் முடி வளர்ந்தால் சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

தொப்பியும் ஹிஜாபும் முடியைக் கொட்டவைப்பதில்லை. உள்ளே இறுக்கிக் கட்டும் கொண்டைதான் நெற்றியோர முடியை வருடக்கணக்கில் இழுத்துப் பிடுங்குகிறது. புழுவெட்டில் புழு எதுவும் கிடையாது; உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குகிறது. பிள்ளைகளின் தலையில் செதிலோடு வட்டமாகக் கொட்டினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு வாயால் எடுக்கும் மருந்து வேண்டும்.

அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தேவைப்படும்போது கண்டி தேசிய வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். கட்டணம் இல்லை. மகள் வைத்தியர் சொன்னபடி மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை எடுத்தாள். இப்போது மேட்டில் குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள். நெற்றியோரம் குட்டி முடிகள் முளைத்திருக்கின்றன. மூன்று எண்ணெய்ப் போத்தல்களில் ஒன்று இன்னும் உடைக்கப்படாமல் அலுமாரியில் கிடக்கிறது.