தடைப் பட்டியலில் கிடைக்கும் நம் துணிப்பெட்டி



1930இல் நம் முன்னோர் என்ன உடுத்தினார்கள்? ஜமீன் குடும்பங்களுக்குப் புகைப்படங்கள் இருக்கின்றன, அரண்மனைகளுக்கு ஓவியங்கள் இருக்கின்றன. அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் பருத்தி எடுத்தவர்களுக்கும் கம்மாய்க் கரையில் மண் சுமந்தவர்களுக்கும் என்ன இருக்கிறது? ஒரு பட்டியல் இருக்கிறது. அதை எழுதியவர்கள் நம்மவர்கள் அல்லர், நம் குடிசைகளைக் கொளுத்தியவர்கள்.

இந்த இரண்டு ஊர்களும் அன்று ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. விருதுநகர் மாவட்டம் பிரிந்தது 1985இல்தான். 1931 குடிக்கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், ராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்மீது கள்ளர்கள் விதித்த எட்டுத் தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண் சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன, தானியக் குதிர்கள் அழிந்தன, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

கடைசித் தடையைக் கரிசல்காரர்கள் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். சித்திரை வெயிலில் பிளந்து கிடக்கும் நிலம், வழியெல்லாம் கருவேல முள். அங்கே உழைக்கிற காலுக்குச் செருப்பு வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு திமிர் வேண்டும்!

இந்தப் பட்டியலைக் கொடுமைக்குச் சான்றாகவே நாம் இதுவரை மேடைகளில் வாசித்து வந்திருக்கிறோம். இன்று அதைத் தலைகீழாக வாசித்துப் பார்ப்போம். யாரும் செய்யாத ஒன்றை யாரும் தடை செய்ய மாட்டார்கள். கோட்டு கூடாது என்றால் யாரோ கோட்டுப் போட்டிருக்கிறார். கிராப்பு கூடாது என்றால் சேரிக்குள் கிராப்புத் தலைகள் நடமாடத் தொடங்கிவிட்டன. அதே வீட்டில் ஒரு பெண் ரவிக்கை போட்டு, தாவணி உடுத்தி, பூ வைத்து, மஞ்சள் பூசியிருக்கிறாள். பனியனும் மஞ்சளும் ஒரே குடும்பத்தில் ஒரே காலத்தில் நுழைந்திருக்கின்றன. உள்ளூர் வழக்கத்தையும் மேற்கத்திய உடையையும் அன்றாடத்தில் கலந்து உடுத்திய நம் மக்களின் துணிப்பெட்டியைத் திறந்து காட்டும் ஆவணம் இதுதான்.

சமூகவியல் மாணவர்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. எம்.என். சீனிவாஸ் 1950களில் சமஸ்கிருதமயமாதல், மேற்கத்தியமயமாதல் என்று இரண்டு கருத்துகளை வைத்தார். கீழே இருக்கும் சாதிகள் மேல்சாதி வழக்கங்களைப் பின்பற்றும்போது, பிராமணர்கள் மேற்கத்திய வழக்கங்களுக்கு நகர்ந்துவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். நானும் முதுகலைத் தேர்வில் இதை எழுதித்தான் மதிப்பெண் வாங்கினேன். ராமநாதபுரத்துப் பட்டியல் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. நம் மக்கள் வரிசையில் காத்திருக்கவில்லை. தாவணி பிடித்தது, எடுத்துக்கொண்டார்கள். கோட்டும் பிடித்தது, அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

கோட்டு எங்கிருந்து வந்தது? இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஏராளமானோர் போன மாவட்டம் இது. இலங்கைக்கு ஆள் அனுப்பும் மண்டபம் முகாமும் இதே மாவட்டத்தில்தான் இருந்தது. போய்த் திரும்பியவர் கையில் கொஞ்சம் காசு இருந்தது. பண்ணையார் முகத்தைப் பார்க்காமல் சம்பாதித்த காசு அது. சட்டை அதை ஊருக்குச் சொல்லிவிடும்.

அதனால்தான் விவகாரம் உடையோடு நிற்கவில்லை. 1931 ஜூனில் பதினொரு தடைகள் கொண்ட இரண்டாவது பட்டியல் வந்தது. அதில் ஆதிதிராவிடரோடு தேவேந்திரகுல வேளாளரின் பெயரும் இருக்கிறது. முதல் வரி இப்போதும் துணிதான்: முழங்காலுக்குக் கீழே கூடாது. கீழே போகப் போக உண்மை வெளியே வருகிறது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும். நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், மறுத்தால் பாசனத் தண்ணீர் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது, மாப்பிள்ளை குதிரையில் போகக் கூடாது. பல்லக்குக்குப் பதில் வீட்டுக் கதவைக் கழற்றித் தூக்கிக்கொள்ள வேண்டும்.

பதினொரு மணி நேரக் கூலி வேலையும் முழங்கால் அளவு துணியும் ஒரே தாளில் இருக்கின்றன. உடைக் கட்டுப்பாட்டைப் ‘பண்பாட்டுப் பிரச்சினை’ என்று தனியே ஒதுக்கி வைக்கும் நம் தோழர்கள் சிலரிடம் இந்தத் தாளைத்தான் நான் காட்டுவேன். கூலியும் நிலமும் கைவிட்டுப் போகாமலிருக்க வாசலில் நிறுத்திய காவல் அந்த முழங்கால் அளவு.

முதல் பட்டியல் வந்த அந்த டிசம்பரில் லண்டனில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1930 நவம்பர் 12 அன்று முதல் வட்டமேசை மாநாடு தொடங்கி, ஜனவரி வரை நடந்தது. ஒடுக்கப்பட்டோர் சார்பில் அங்கே இருந்தவர்கள் அண்ணல் அம்பேத்கரும் ரெட்டமலை சீனிவாசனும். நம் பிரதிநிதி கோட்டு அணிந்து அரசியல் உரிமை பேசிய அதே மாதத்தில்தான் ராமநாதபுரத்தில் கோட்டுக்குத் தடை. அண்ணலின் நீலக் கோட்டுச் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மாதம்தான் நினைவுக்கு வரும்.

அருப்புக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இருக்கிறது மதுரை. அங்கே மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான், 1921 செப்டம்பர் 22 அன்று, காந்தி மேலாடையைக் களைந்து முழங்கால் அளவு துணிக்கு மாறினார். ஏழைகளோடு ஒன்றாவது அவர் நோக்கம். அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் கழற்றுவதற்கு அவரிடம் சட்டை இருந்தது. ஒன்பது ஆண்டு கழித்து அதே முழங்கால் அளவு பக்கத்து மாவட்டத்தில் நம்மவர்க்குத் தண்டனையாக வந்தது. எளிமை என்ற ஒரே சொல்லால் இரண்டையும் மூடிவிட முடியாது.

‘பாரம்பரிய உடை’ என்று இன்று மேடையேறுவது யாருடைய பாரம்பரியம்? ரவிக்கையை நாம் ‘ஜாக்கெட்’ என்றுதானே சொல்கிறோம்? திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகச் சாணார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடிய பிறகு 1859இல் வந்த அரசாணையைப் பாருங்கள். கிறிஸ்தவச் சாணார் பெண்களைப் போல மேற்சட்டை போடலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றது அது. மிஷன் வழியாக வந்த சட்டை பரவாயில்லை, மண்ணின் துணிக்கட்டுதான் ஆகாது! மரபு என்பது பூட்டிய பெட்டி, சாவி வேறொருவர் இடுப்பில். மேற்கத்தியச் சட்டைக்குச் சாதி வைத்த பூட்டு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அம்பேத்கர் இதைத் தெளிவாகப் பார்த்தார். 1927 டிசம்பரில் மகத் மாநாட்டில் பெண்களிடம், சாதியை அடையாளம் காட்டும் சேலைக்கட்டையும் கனத்த நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். அந்தப் பெண்கள் உடனே கட்டை மாற்றினார்கள்.

இது பழைய கதை அல்ல. தோளில் கிடக்கும் துண்டு, ஊர்த் தெரு வந்ததும் தானாக இடுப்புக்கு இறங்குவதை என் வயதுக்காரர்கள் பார்த்து வளர்ந்திருக்கிறோம். 2012 நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நம்மவர்களின் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. அதன் பின் மருத்துவர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டிசர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று ஊர் ஊராகக் குற்றம் சாட்டினார். 1930இன் மூன்றாவது தடையில் கோட்டு இருந்த இடத்தில் ஜீன்ஸ் வந்து உட்கார்ந்திருக்கிறது. அன்று எரிந்தவை குடிசைகள். தருமபுரியில் பெங்களூருக்குப் போய் உழைத்துக் கட்டிய காரை வீடுகளும் சேர்ந்து எரிந்தன.

வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி வட்டாரத்துச் சேரி வீடுகளில் பழைய ஸ்டுடியோப் படங்கள் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. ஸ்டுடியோக்காரர் கடன் கொடுத்த கோட்டோடு நிற்கும் தாத்தாக்கள், பட்டாளத்துச் சீருடையில் பெரியப்பாக்கள், முதல் ரவிக்கையில் அப்பத்தாக்கள் அவற்றில் இருக்கிறார்கள். இந்த விடுமுறையில் வீடு வீடாகப் போய் அவற்றைப் படியெடுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊருக்கு வேலைக்குப் போனார், அந்தச் சட்டை எங்கே வாங்கியது, அதைப் போட்டுக்கொண்டு எந்தத் தெரு வரை நடக்க முடிந்தது என்று கேட்டு, படத்தின் பின்பக்கத்திலேயே பென்சிலால் எழுதி வையுங்கள்.