ஸ்டர்லிங்

ஸ்டர்லிங் என்பது ஸ்காட்லாந்தின் நடுப்பகுதியில், ஃபோர்த் ஆற்றின் கரையில் அமைந்த தொன்மையான நகரமாகும். எடின்பரோவிலிருந்து எம் 9 நெடுஞ்சாலை வழியாகவும் கிளாஸ்கோவிலிருந்து எம் 80 வழியாகவும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இதனை அடையலாம் என்பதால், வட மலைநாட்டுக்குக் காரில் செல்வோர் பலர் இங்குத் தங்கிச் செல்கின்றனர்.

ஆற்றின் மேற்பகுதியில் சதுப்பு நிலமும் கீழ்ப்பகுதியில் அகன்ற கழிமுகமும் இருந்தமையால், நெடுங்காலம் இவ்விடத்துப் பாலமே வடக்குக்கான வாயிலாக விளங்கியது. இந்நகரை வெல்லப் படைகள் மீண்டும் மீண்டும் மோதியதற்கு இதுவே காரணம். 1297-இல் குறுகிய மரப்பாலத்தை ஆங்கிலப் படையின் ஒரு பகுதி மட்டும் கடந்திருந்த வேளையில், ஸ்காட்லாந்துப் படைத்தலைவர்களான வில்லியம் வாலசும் ஆண்ட்ரூ மோரேயும் பாய்ந்து தாக்கி வென்றனர். 1314-இல் நகருக்குத் தெற்கே பானக்பர்னில் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டை முறியடித்தார்.

பண்டைய எரிமலைக் குழம்பு இறுகி உருவான செங்குத்துப் பாறைமீது நிற்கும் கோட்டையே இங்குக் காணத்தக்கவற்றுள் தலையாயது. அதில் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் எழுப்பிய பேரவை மண்டபம், பின்னாளில் படைவீரர் குடியிருப்பாகச் சிதைக்கப்பட்டுப் பின் மீட்கப்பட்டு, இளம்பொன் நிறச் சுண்ணாம்புப் பூச்சுடன் 1999-இல் மீண்டும் திறக்கப்பட்டது. சாம்பல்நிறக் கற்சுவர்களையே பழமையின் அடையாளமாகக் கருதுவோர்க்கு இந்நிறம் வியப்பளிப்பினும், இடைக்கால அரண்மனைகளின் உண்மைத் தோற்றத்தை உணர்த்தும் அரிய சான்று இது. கோட்டைக்குச் சற்றுக் கீழேயுள்ள ஹோலி ரூட் தேவாலயத்தில், 1567-இல் பதின்மூன்று மாதக் குழந்தையான ஆறாம் ஜேம்சுக்கு முடிசூட்டப்பட்டது. பழைய நகரின் தெருக்கள் செங்குத்தானவை ஆதலால் நடந்தே காண்பது நன்று. ஆற்றுக்கு அப்பால், 1869-இல் நிறைவுற்ற வாலஸ் நினைவுக்கோபுரத்தின் 246 படிகளை ஏறுவோர், ஆற்றின் வளைவுகளையும் போர்நிலத்தையும் ஒருசேரக் காணலாம். 2002-இல் ஸ்டர்லிங்குக்கு மாநகரத் தகுதி வழங்கப்பட்டது.