ஒரு பக்க மூளையால் உறங்கும் டொல்பின்



ஒன்பதாம் தரத்துக்கு மூளை பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் எழும்பிக் கேட்டார்: "சேர், டொல்பின் மேலே வந்துதானே மூச்செடுக்குது. அது தூங்கினா தாண்டு போயிடாதா?" அன்று என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. பிறகு தேடி வாசித்ததை எழுதுகிறேன். நமது கடலோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

மூளையில் மெல்லிய மின்னோட்டம் இருப்பதை 1875இல் முயல்களிலும் குரங்குகளிலும் கண்டவர் லிவர்பூல் வைத்தியர் ரிச்சர்ட் கேட்டன். மனிதனின் மூளை அலைகளை முதன்முதலில் பதிந்தவர் ஜேர்மனியின் ஜெனா நகரில் இருந்த மனநல வைத்தியர் ஹான்ஸ் பேர்கர். 1924இல் பதிந்ததை அவர் 1929இல்தான் வெளியிட்டார். இன்று வலிப்பு நோயாளிகளின் தலையில் வயர்களை ஒட்டி எடுக்கும் ஈஈஜி பரிசோதனை அதன் தொடர்ச்சிதான். விழித்திருக்கும்போது இந்த அலைகள் சிறியவை, வேகமானவை. ஆழ்ந்த உறக்கத்தில் பெரியவை, மெதுவானவை.

இனி டொல்பினுக்கு வருவோம். 1955இல் அமெரிக்காவின் புளோரிடாவில் டொல்பின் மூளையை ஆராயச் சென்ற விஞ்ஞானிகள் அவற்றுக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். ஐந்து டொல்பின்கள் மூச்சு நின்று இறந்தன. நாம் மயங்கினாலும் உறங்கினாலும் மூச்சு தானாக நடக்கும். டொல்பின் அப்படியல்ல. ஒவ்வொரு மூச்சையும் அது நினைவோடு எடுக்கவேண்டும். நினைவு போனால் மூச்சும் போய்விடும்.

அப்படியானால் அது உறங்குவது எப்படி? அந்தக் குழுவில் இருந்த ஜோன் லில்லி, டொல்பின்கள் ஒரு கண்ணை மட்டும் மூடி ஓய்வெடுப்பதை 1964இல் எழுதினார். 1977இல் சோவியத் விஞ்ஞானி லெவ் முகாமெதோவும் அவரது சகாக்களும் டொல்பின் மூளையின் மின் அலைகளைப் பதிந்து காட்டினார்கள். ஒரு பக்க மூளையில் உறக்கத்தின் பெரிய அலைகள். அதே நேரம் மறு பக்கத்தில் விழிப்பின் வேகமான அலைகள். பிறகு பக்கம் மாறும். உறங்கும் பாதிக்கு எதிர்ப்பக்கக் கண்தான் பெரும்பாலும் மூடியிருக்கும். விழித்திருக்கும் பாதி மூச்சையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துக்கொள்ளும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை நம் கற்பிட்டிக் கடலில் கூட்டம் கூட்டமாகத் துள்ளிச் சுழல்பவை ஸ்பின்னர் இனம். இவை இரவில் ஆழ்கடலில் இருந்து மேலே வரும் சிறு மீன்களையும் கணவாய்களையும் வேட்டையாடுபவை, பகலில்தான் ஓய்வு. சுபஹு முடிந்து நம் போட்டுகள் புறப்படும் நேரம், இரவு முழுக்க உழைத்துவிட்டு அவை இளைப்பாறப் போகும் நேரம். ஹவாய் தீவுகளில் இதே இனத்தின் ஓய்வு கெடுகிறது என்றுதான், கரையிலிருந்து இரண்டு கடல் மைல்களுக்குள் 45 மீற்றரை விடக் கிட்டப் போகக்கூடாது என 2021இல் சட்டம் கொண்டுவந்தார்கள்.

போட்டை நிறுத்தச் சொல்லவில்லை. என் மாணவர்கள் பலரின் வாப்பாமாருக்கு இதுதான் வருமானம். கூட்டத்துக்கு நடுவே ஓட்டாமல், பல போட்டுகள் சேர்ந்து வளைக்காமல், என்ஜின் வேகத்தைக் குறைத்துத் தள்ளி நின்று காட்டுங்கள். அவை இந்தப் பக்கம் வராமல் விட்டால் முதலில் நட்டப்படுவதும் நாம்தான்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன்: "தாண்டு போகாது மகன். பாதி மூளை காவலுக்கு நிற்கும்." உடனே அடுத்த கேள்வி: "அப்ப அந்தப் பாதியும் களைச்சிட்டா, சேர்?"