வீரிய ஒட்டுக் கம்பு: பெற்றோர் தேர்வின் வரலாறு

எச்பி-1 என்பது ஆண்மலட்டுத் தாயைக் கொண்டு இந்தியாவில் உருவாக்கப்பட்ட முதல் வீரிய ஒட்டுக் கம்பு. இது 1965-இல் வெளியிடப்பட்டது. இதற்குப் பிந்தைய நாற்பது ஆண்டு அனுபவம் ஓர் உண்மையைக் காட்டியது: ஒட்டு இரகத்தின் விளைச்சலை மட்டுமல்ல, அது வயலில் நிலைக்கும் காலத்தையும் பெற்றோரே முடிவு செய்கின்றனர்.

தாயும் தந்தையும்

கம்பின் பூக்கள் மிகச் சிறியவை. ஆண் உறுப்புகளைக் கையால் நீக்கி வயல் அளவில் ஒட்டு விதை எடுக்க இயலாது. எனவே வளமான மகரந்தம் உண்டாகாத தாய் தேவைப்பட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டிப்டன் ஆய்வு நிலையத்தில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய டிப்ட் 23ஏ இத்தேவையை நிறைவு செய்தது. இந்த மலட்டுத் தாயை டிப்ட் 23பி என்ற துணை வரிசையின் மகரந்தத்தால் பெருக்கினர். தந்தைக்கு வேறொரு தகுதி வேண்டும்: அதன் சேர்க்கையில் பிறக்கும் பயிர் மீண்டும் மகரந்த வளம் பெற வேண்டும். இல்லையெனில் உழவரின் வயலில் மணி பிடிக்காது. லூதியானாவில் தில்பாக் சிங் அத்வால் இத்தகுதி கொண்ட பிஐஎல் 3பி என்ற தந்தையைச் சேர்த்து எச்பி-1ஐ உருவாக்கினார்.

ஒரே தாயின் விளைவு

எச்பி-1 முதல் எச்பி-5 வரை ஐந்து இரகங்களிலும் தந்தை மாறியது; தாய் மாறவில்லை. டிப்ட் 23ஏ அடிச்சாம்பல் நோய்க்கு எளிதில் இலக்காகும். நோயுற்ற கதிரில் மணிகளுக்குப் பதிலாக இலை போன்ற பசுந்தளிர்கள் தோன்றுவதால் இதைப் பச்சைக்கதிர் நோய் என்றும் அழைப்பர். 1971-இல் எச்பி-3 வயல்களில் இந்நோய் பெருமளவில் பரவியது. 1970-71-இல் சுமார் 80 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் கம்பு உற்பத்தி, மறு ஆண்டு சுமார் 53 லட்சம் டன்னாகக் குறைந்தது. பருவமழையின் ஏற்றத்தாழ்வும் இதில் பங்கு வகித்தது.

புதிய அளவுகோல்

இதன்பின் நோய் எதிர்ப்பும் தாய்த் தேர்வின் முதன்மை நிபந்தனையானது. தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் டிப்ட் 23பி-ஐக் கதிரியக்கத்துக்கு உட்படுத்தி, 5071ஏ என்ற எதிர்ப்புத் தாயைப் பெற்றனர். 1977-இல் வந்த பிஜே 104, எச்பி-3-இன் தந்தையான ஜே 104-ஐ 5141ஏ என்ற புதிய தாயுடன் இணைத்தது. பரவலாகப் பயிரிடப்பட்ட அதுவும் 1980-களின் நடுவில் அதே நோய்க்கு இரையானது.

1990-இல் ஹரியானாவில் வெளியான எச்எச்பி 67-க்கு 843ஏ என்ற வேறொரு தாய் பயன்பட்டது. அந்த இரகம் நோய்க்கு ஆளாகத் தொடங்கியபோது, விளைச்சல் தரும் இணையைக் கைவிடாமல் பெற்றோர் இருவரையும் திருத்தினர். தந்தைக்கு மரபணுக் குறியீடுகளின் துணையுடன் எதிர்ப்புத்திறன் சேர்க்கப்பட்டது. மேம்படுத்தப்பட்ட எச்எச்பி 67, 2005-இல் வெளியானது.