மலையக நீர்நிலைப் புகைப்படங்களும் வரலாற்றுச் சான்றும்

கல்வெட்டையும் ஏட்டையும் ஐயுற்று ஆராயும் நாம், புகைப்படத்தை மட்டும் கண்ட அளவிலேயே நம்பிவிடுகின்றோம். நுவரெலியா, அட்டன் பகுதிகளின் வாவிகளையும் தேயிலைச் சரிவுகளையும் காட்டும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் அமைதியே உருவானவை. நீர் கண்ணாடி போற் கிடக்கும். வானம் வெறுமையாய் இருக்கும். மாந்தர் அரிதாகவே தென்படுவர். அவ்வமைதி நிலத்துக்கு உரியதா, கமராவுக்கு உரியதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1851இல் ஆங்கிலேயரான பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெடுங்காலம் வழங்கிற்று. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படம்பிடித்துக் கழுவி முடித்தல் வேண்டும். ஆதலின் படம்பிடிப்போர் இருட்டுக் கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் உடன் கொண்டு சென்றனர். நிலக்காட்சிக்குத் தகட்டைச் சில விநாடிகளேனும், ஒளி குன்றிய இடத்தில் அதனினும் நெடுநேரமும், ஒளிபடத் திறந்து வைத்தல் வேண்டியிருந்தது. அதற்குள் அலை எழுந்தடங்கும். தகட்டில் எஞ்சுவது மழுங்கிய வெண்பரப்பே. மேலும், அத்தகடு நீல ஒளியை விரைந்தும் பச்சையை மந்தமாகவும் ஏற்கும் இயல்பினது. எனவே வானம் வெளிறியது. செடிகள் கருமை கொண்டன. பிரான்சின் குஸ்தாவ் லெ கிறே 1850களிற் கடலுக்கொரு தகடும் வானுக்கொரு தகடும் எடுத்து, இரண்டையும் ஒரே படமாக அச்சிட்டமை இக்குறையை வெல்லும் பொருட்டேயாம். ஆகவே, பழைய மலையகப் படமொன்றிற் காணும் வெள்ளை வானம் மூடுபனிக்குச் சான்றாகாது.

இனி நம் நாட்டுச் செய்திக்கு வருவோம். 1870களிற் கொழும்பில் ஸ்கீன் நிறுவனமும் கண்டியிற் சார்ல்ஸ் ஸ்கோவனும் இலங்கைக் காட்சிகளைப் படம்பிடித்து விற்றுவந்தனர். நுவரெலியாவின் கிறெகரி வாவியும் அக்காலத்ததே. தேசாதிபதி வில்லியம் கிறெகரியின் ஆட்சியில், 1873இல், அது செயற்கையாக அமைக்கப்பட்டது. இயற்கையின் எழிலெனப் படங்கள் காட்டிய அந்நீர்ப்பரப்பு மனிதர் உழைப்பால் விளைந்தது. புகையிரதம் 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியபின் மலைநாட்டுக்கு வருவோர் பெருகினர். அவர்கள் விரும்பி வாங்கிச் சென்றவற்றுள் இத்தகைய படங்களும் அடங்கும்.

நெடுநேரம் திறந்திருக்கும் தகட்டில் அசைவன பதியா. கொழுந்து பறிக்கும் கையோ ஓயாது அசைவது. ஆதலின் தொழிலாளர் படத்தில் இடம்பெற வேண்டுமாயின், வேலையை நிறுத்தி அசையாது நிற்றல் வேண்டும். தோட்டப் படங்களிற் கூடையுடன் வரிசையாக நிற்போரை இவ்வாறே காண்கின்றோம். அவர்க்குப் பெயருமில்லை, ‘தமிழ்ப் பெண்’, ‘கூலிகள்’ என்னும் பொதுக் குறிப்புகளே உள.

புகழ்பெற்ற படக்கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். அவர் கணவருக்கு இங்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்த அவர் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் படம்பிடித்த டெனிசன், டார்வின் ஆகியோரை உலகம் பெயர் சொல்லி அறியும். இலங்கையில் அவர் முன் அமர்ந்த எளிய மக்களின் முகங்கள் எஞ்சின, பெயர்கள் எஞ்சவில்லை.

இப்பெயரின்மையின் பொருளை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தோடு வைத்து நோக்குதல் வேண்டும். அன்று இலங்கையிற் பிறந்திருந்த ஒருவர் வம்சாவளிக் குடியுரிமை பெறத் தம் தந்தையேனும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இந்நாட்டிற் பிறந்தவரென நிறுவ வேண்டியிருந்தது. பெருந்தொகையான தோட்ட மக்கள் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பெயரற்ற படம் சட்டத்தின் முன் சான்றாகியிராது என்பது உண்மையே. ஆயினும் இம்மக்களின் முன்னோர் இம்மண்ணில் நின்றமையை அத்தகடுகள் காட்டுகின்றன. நின்றவர் யாரென எழுதி வைக்கத்தான் எவருமில்லை.

ஒப்பந்தத்தையடுத்த ஆண்டுகளில் நிலக்காட்சியே மாறிற்று. கெஹெல்கமு ஓயாவின் குறுக்கே 1965இற் காசல்ரீ நீர்த்தேக்கமும், மஸ்கெலி ஓயாவின் குறுக்கே 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கமும் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் நீருள் ஆழ்ந்தது. வறட்சியில் நீர் வற்றுங்கால் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளிப்படுவதை இன்றும் காணலாம். இன்றைய கலைஞர், வில்லையின் முன் ஒளி குறைக்கும் கண்ணாடியைப் பொருத்தி, அரை நிமிடமோ அதனினும் நெடிதோ கமராவைத் திறந்து வைத்து, இந்நீர்ப்பரப்புகளை மீண்டும் கண்ணாடியாக்குகின்றனர். அன்று கருவியின் குறையாயிருந்தது இன்று கலைஞரின் தெரிவாயிற்று. படங்கள் அழகியனவே, அதில் ஐயமில்லை. ஆனால் அக்கண்ணாடியின் கீழ் ஓர் ஊர் உண்டென்பதைப் படம் தானாகக் கூறாது.

ஆகவே, மலையக வரலாற்றை ஆராயப் புகும் மாணவர் வாவிப் படங்களோடு அமைந்துவிடலாகாது. தோட்டத்து வீடுகளின் சுவரில் மங்கிக்கொண்டிருக்கும் திருமணப் படங்களையும், பெட்டிகளில் உறங்கும் அடையாளப் படங்களையும் தேடிச் செல்லுதல் வேண்டும். படத்தில் இருப்பவரை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்பாற் கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வைப்போமாக. நூறாண்டுக்கு முன் செய்யத் தவறியதை நாமும் தவறவிடுவோமாயின், அதற்குக் கமராவைக் குறைகூற இயலாது.