இந்தியாவில் கால்நடை நோய்த் தடுப்புச் சட்டங்கள்

இந்தியாவில் கால்நடை நோய்த் தடுப்பு அரசமைப்பின்படி மாநிலங்களின் பொறுப்பு. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு நோய் பரவாமல் தடுப்பது மட்டும் பொதுப்பட்டியலில் உள்ளது. நாடு முழுமைக்குமான பொதுச் சட்டம் 2009-இல்தான் வந்தது.

சென்னை மாகாணம் 1866-இலேயே மாட்டு நோய்ச் சட்டம் இயற்றியது. உழவர்களை அன்று அதிகம் நடுங்க வைத்தது வெக்கை நோய். காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் என்று தொடங்கிச் சில நாட்களில் தொழுவத்தையே காலி செய்துவிடும். ஏர் மாடு செத்த வீட்டில் அடுத்த பட்டத்துக்கு விதைப்பு இல்லை. இந்நோயை ஆராய்ந்த அரசுக் குழுவின் அறிக்கை 1871-இல் வெளியானது. 1889-இல் புனேயில் தொடங்கிய கால்நடை நோய் ஆய்வகம் 1893-இல் இமயமலையின் முக்தேசுவரத்துக்கு இடம்பெயர்ந்தது. ஆனால் 1899, 1910 ஆண்டுகளின் மத்தியச் சட்டங்கள் இரண்டும் குதிரை நோய்களுக்கானவை. உழவனின் மாடு காத்திருக்க வேண்டியிருந்தது.

1920-இல் இந்திய மாடுகள் பிரேசிலுக்குப் போகும் வழியில் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கியபோது பெல்ஜியத்தில் வெக்கை பரவியது. அந்த அதிர்ச்சியால் 1924-இல் 28 நாடுகள் பாரிசில் உலகக் கால்நடை நோய் அமைப்பை உருவாக்கின.

முக்தேசுவரத்தில் ஜே.டி. எட்வர்ட்ஸ் 1920-களில் நோய்க்கிருமியை ஆடுகளில் தொடர்ந்து செலுத்தி வீரியம் குறைத்துத் தடுப்பூசி கண்டார். 1954-இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. தடுப்பூசியோடு ஊர் ஊராகப் போன கால்நடைத் துறை ஊழியர்களின் உழைப்பே இந்த வரலாற்றின் மையம். இந்தியாவின் கடைசி நோய்க்கிளர்ச்சி 1995-இல் வட ஆர்க்காடு பகுதியில் பதிவாயிற்று. பிறகு ஊசி நிறுத்தப்பட்டுக் கண்காணிப்பு தொடர்ந்தது. தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பொருள், மறைந்திருக்கும் தொற்றைக் கண்டறியவிடாது என்பதே காரணம். 2006-இல் இந்தியாவும் 2011-இல் உலகமும் வெக்கையற்றவை என அறிவிக்கப்பட்டன.

ஆக, பொதுச் சட்டம் வருவதற்கு முன்பே மிகக் கொடிய நோய் ஒழிந்திருந்தது. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய குதிரை நோய்ச் சட்டங்களை நீக்கியது. பட்டியலிட்ட நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே மாட்டுக்காரர் தகவல் தர வேண்டும். நோய்ப் பகுதியிலிருந்து கால்நடைகளை வெளியே கொண்டுபோகவும் தடை உண்டு.

2019-இல் தொடங்கிய தேசியத் திட்டம் கோமாரியையும் புருசெல்லோசிஸ் என்னும் கருச்சிதைவு நோயையும் குறிவைக்கிறது. பின்னது காய்ச்சாத பால் வழியாகவும், ஈன்ற மாட்டின் நஞ்சுக்கொடியைத் தொடுவதாலும் மனிதருக்குத் தொற்றும். 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு ஊசி போடப்படுகிறது. அதில் இருப்பது உயிருள்ள கிருமி. கை தவறிக் குத்திக்கொண்டால் ஊசி போடுபவருக்கே நோய் வரக்கூடும் என்பதால், கையுறையும் கண்காப்பும் அவருக்குக் கட்டாயத் தேவை.